நிலப்பட்டாவிலிருந்து கையொப்பம் வரை: நிபோங் தெபால் வட்டாரச் சொத்து மதிப்பீட்டாளரின் அன்றாடப் பணி, முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கு என்ன விலை கேட்பது என்பதை உரிமையாளர் முடிவு செய்யலாம். எவ்வளவுக்கு முடித்துத் தருவது என்பதைத் தரகர் பேசலாம். ஆனால் அந்த வீட்டின் சந்தை மதிப்பு இன்னது என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட வேண்டுமானால், தனியார் துறையில் இருப்பவர் மலேசியாவின் 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும். அந்தக் கையொப்பத்தை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது, ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை வைக்கப்படுகிறது, அண்ணன் தம்பிகள் அப்பா விட்டுச்சென்ற நிலத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

பினாங்கின் தென்பெருநிலத்தில், அதாவது நிபோங் தெபால், சுங்கை பாக்காப், ஜாவி, சிம்பாங் அம்பாட் ஆகிய ஊர்களைச் சுற்றி வேலை செய்யும் சிறிய மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பயிற்சி மதிப்பீட்டாளராகச் சேரவிருக்கும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சொத்துத் துறைப் பட்டம் பெற்றவர்கள் முதலில் மதிப்பீட்டாளர் வாரியத்தில் பயிற்சியாளராகப் பதிவு செய்துகொண்டு, குறைந்தது 2 ஆண்டுகள் களப்பணி செய்து, அதன் பிறகு தொழில் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அந்த ஆண்டுகளில் கற்றுக்கொள்ள வேண்டியது, என் கணிப்பில், ஒன்றே ஒன்றுதான்: அறிக்கையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் நீங்கள் கண்ணால் பார்த்த ஆவணத்திலோ, கையால் அளந்த அளவிலோ, நடந்து முடிந்ததென்று உறுதிசெய்த விற்பனையிலோ போய் நிற்க வேண்டும். சிற்றூரில் இது நகரத்தைவிடக் கடினம். விற்பனைகள் குறைவு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

காலையில் வரும் வேலைகளைப் பிரித்தல்

காலையில் அலுவலகத்துக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் வங்கிகளிடமிருந்தும் வழக்கறிஞர்களிடமிருந்தும் வருகின்றன. முகவரியைப் பார்த்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. மதிப்பீடு எதற்காகக் கேட்கப்படுகிறது, எந்தத் தேதியில் உள்ள மதிப்பு வேண்டும், யாருக்காக, எந்த உரிமை மதிப்பிடப்படுகிறது என்னும் நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்குக் கடனுக்கான மதிப்பும் தீக்காப்புறுதிக்கான மதிப்பும் வேறு வேறு: தீக்காப்புறுதி, எரிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவைப் பார்க்கிறதே தவிர நிலத்தின் விலையைப் பார்ப்பதில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர் உங்கள் உறவினர் என்றால் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். நம் சமூகம் நெருக்கமாக வாழும் ஊர்களில் இது அடிக்கடி நேரும்.

கட்டணம் சட்ட விதிகளில் உள்ள அளவுகோலின்படி கணக்கிடப்படுகிறது. மதிப்பில் முதல் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு 0.25 விழுக்காடும், அதற்கு மேல் 20 லட்சம் வரை 0.2 விழுக்காடும் என்பதால், 375,000 ரிங்கிட் வீட்டுக்கு 250-உம் 550-உம் சேர்ந்து 800 ரிங்கிட் வருகிறது. இதை வாடிக்கையாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

பட்டாவைப் படித்தல்

இந்தத் தொழிலில் அதிக நேரத்தைப் பயனுடன் செலவிடக்கூடிய இடம் நில அலுவலகம்தான். மக்கள் 'கிராண்ட்' என்று சொல்லும் நிலப்பட்டாவின் நகலை உரிமையாளர் நீட்டினாலும், அதை மட்டும் நம்பாமல் நில அலுவலகத்தில் தனியார் தேடல் ஒன்றைச் செய்து, அன்றைய நிலவரத்தைப் பெற வேண்டும். வீட்டில் பீரோவுக்குள் இருக்கும் நகலில் கடந்த மாதம் போடப்பட்ட கேவியட், அதாவது நிலத்தைக் கைமாற்றவிடாமல் பதிவேட்டில் போடும் தடைக் குறிப்பு, தெரியாது.

தேடல் தாளை மேலிருந்து கீழாக நிதானமாகப் படியுங்கள். முதலில் பட்டா வகை. எச்எஸ்டி, எச்எஸ்எம் என்று தொடங்கினால் அது இறுதி அளவை முடியாத தற்காலிகப் பட்டா. அதில் குறிக்கப்பட்ட பரப்பு இறுதிப் பட்டா வரும்போது கூடவோ குறையவோ செய்யலாம் என்பதால், அதை அறிக்கையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடுத்து உரிமைக்காலம். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, அப்படியானால் மீதம் எத்தனை ஆண்டு என்பதைக் கணக்கிட்டு எழுதுங்கள். மீதக் காலம் குறையக் குறைய வங்கிகள் தயங்கத் தொடங்கும், வாங்குபவர்களின் எண்ணிக்கையும் சுருங்கும்.

அதற்குப் பிறகு வரும் மூன்று வரிகள்தாம் விலையை உண்மையில் தீர்மானிக்கின்றன: நிலப் பயன்பாட்டு வகை, வெளிப்படை நிபந்தனை (நிலத்தில் எதைச் செய்யலாம் என்று பட்டாவிலேயே எழுதியிருப்பது), உரிமைக் கட்டுப்பாடு. நிலச் சட்டத்தின்படி பயன்பாட்டு வகை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று. செம்பனை நிற்கும் 3 ஏக்கர் நிலத்தைக் காட்டி, "இங்கே வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது" என்று உரிமையாளர் சொன்னால், உள்ளூர்த் திட்டத்தில் அந்தப் பகுதி வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் விசாரிக்க வேண்டும். ஒதுக்கப்பட்டிருந்தாலும், பட்டாவில் விவசாயம் என்று இருக்கும்வரை அது விவசாய நிலமே. நிபந்தனையை மாற்ற மாநில அரசுக்குச் செலுத்த வேண்டிய பிரிமியம், அதற்கு ஆகும் காலம், சாலைக்கும் வடிகாலுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிய பரப்பு ஆகிய எல்லாவற்றையும் கழித்த பிறகே வாங்குபவர் எவ்வளவு கொடுப்பார் என்று கேட்க முடியும். மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் விற்க முடியாது என்ற கட்டுப்பாடு இருந்தால் அதையும் அப்படியே எடுத்து எழுதுங்கள்.

கடைசியாக உரிமையாளர் பெயர்கள். நம் குடும்பங்களின் நிலங்களில் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாதென்று 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, உறுப்பினர்களிடம் மாதம் 10 வெள்ளி (அன்றைய பணம்) திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அந்தக் காலத்தில் நாலைந்து பேர் சேர்ந்து துண்டு நிலம் வாங்கியதும் உண்டு. அப்படிப்பட்ட பட்டாக்களில் இன்று இரண்டாம் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும் 1/4, 1/12 என்று பிரிக்கப்படாத பங்குகளாக நிற்கின்றன. முழு நிலம் 12 லட்சம் ரிங்கிட் பெறும் என்பதால் 1/12 பங்கு 1 லட்சம் பெறும் என்று எழுதிவிட முடியாது. மற்றப் பங்காளிகளின் சம்மதமின்றி அந்தப் பங்கை வைத்து எதுவும் கட்ட முடியாது, வங்கியும் எளிதில் கடன் தராது; ஆகவே தனிப் பங்கை வெளியாள் ஒருவர் வாங்கும்போது தள்ளுபடி கேட்பார். எவ்வளவு தள்ளுபடி என்பதை, அதே போன்ற பங்கு விற்பனைகள் பதிவாகியிருந்தால் அவற்றைத் தேடி எடுத்து நியாயப்படுத்துங்கள். உரிமையாளர் இறந்துபோய் பெயர் மாற்றப்படாமலே இருப்பதும் உண்டு. அசையாச் சொத்து அடங்கிய, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மிகாத சொத்துகளை உயில் இல்லாத நிலையில் நில அலுவலகத்திலேயே பங்கிட்டுக்கொள்ளச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டம் வழி செய்கிறது என்பதைக் குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பது உதவியாக இருக்கும்.

பரப்பளவில் கவனம் தேவை. பட்டா சதுர மீட்டரிலும் ஹெக்டேரிலும் பேசும். தரகர் சதுர அடியில் பேசுவார். வயல் நிலம் வைத்திருக்கும் மலாய்க்காரப் பெரியவர் ரெலோங்கில் பேசுவார். 1 ரெலோங் சுமார் 0.71 ஏக்கர், 1 ஏக்கர் 43,560 சதுர அடி, 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. மாற்றிய எண்ணை இருமுறை சரிபார்த்த பிறகே கணக்கில் சேருங்கள்.

களத்தில்

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை லேசர் அளவுக்கருவி, சாதாரண அளவு நாடா, அளவைத் திட்டத்தின் நகல், கைப்பேசி, குறிப்பேடு. முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுச் செல்லுங்கள்; வீட்டில் வயதான அம்மா மட்டும் இருந்தால் மகனோ மகளோ இருக்கும் நேரத்தில் போவது மரியாதை. வங்கியிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்றதும் வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறார்களோ என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். யார், எதற்காக வந்திருக்கிறோம் என்பதை வாசலிலேயே அமைதியாகச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் இந்த வீடுதான் பட்டாவில் உள்ள அந்த லாட் (அளவை செய்து எண் கொடுக்கப்பட்ட மனை) என்பதை உறுதிப்படுத்துங்கள். வீட்டு எண்ணும் லாட் எண்ணும் வேறு. வரிசை வீடுகளில் மூலையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து திட்டத்தோடு பொருத்திப் பார்க்கலாம். செம்பனை நிலத்தில் எல்லைக் கற்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்து நிலக்காரர் தெரியாமலேயே இரண்டு வரிசை மரங்களை இந்தப் பக்கம் நட்டிருக்கலாம். நிலத்துக்குச் செல்லும் மண்பாதை அரசுச் சாலையா, அல்லது யாரோ பெருந்தன்மையாக விட்டுவைத்த தனியார் நிலமா என்பதையும் திட்டத்தில் பாருங்கள். சட்டப்படியான வழியில்லாத நிலமும் சாலையோர நிலமும் ஒரே விலை பெறா.

வீட்டை அளக்கும்போது முதன்மைத் தளப்பரப்பையும் கார் நிறுத்துமிடம், பால்கனி போன்ற துணைப் பரப்பையும் தனித்தனியாக எழுதுங்கள். வெளிச்சுவரின் வெளிமுகம் வரையும், பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரின் நடுப்பகுதி வரையும் அளப்பதுதான் முறை. பின்பக்கம் சமையலறையை எல்லைவரை நீட்டியிருந்தால் மாநகர் மன்றம் ஒப்புதல் கொடுத்த வரைபடத்தைக் கேளுங்கள்; ஒப்புதல் இல்லாத கட்டடத்துக்கு முழு மதிப்புக் கொடுத்துவிட்டு, நாளை அதை இடிக்க உத்தரவு வந்தால் வங்கியின் கேள்வி உங்களிடம்தான் வரும். கட்டடத்தில் குடியேறும் தகுதிச் சான்று இருக்கிறதா என்பதும் அதே கோப்பில் தெரிந்துவிடும்: 2007 ஏப்ரலில் அறிமுகமான முறையில் அதைக் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கொடுக்கிறார், அதற்கு முன்பு ஊராட்சி மன்றம் கொடுத்தது.

கடலோரச் சமவெளி என்பதால் இந்த வட்டாரத்தின் பல பகுதிகளில் மண் மென்மையான கடற்களிமண். வீட்டின் தூண்கள் ஆழமான அடித்தளத்தில் நின்று, நீட்டிய சமையலறைத் தளம் மட்டும் மண்ணோடு இறங்கும்போது, இரண்டும் சேருமிடத்தில் விரிசல் திறக்கும். கையை வைத்துப் பாருங்கள். சாயம் பூசி மறைத்திருந்தாலும் தரையின் சரிவு மறையாது. கீழ்ச்சுவரில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடினால் வெள்ளம் வந்திருக்கிறது. அதை உரிமையாளரிடம் கேட்பதைவிட எதிர் வீட்டில் கேட்பது மேல். "அண்ணே, பெரிய மழையில தண்ணி எது வரைக்கும் ஏறும்?" என்று கேட்டால் மதிலைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். எதிர் வீட்டில் இருப்பவர் சீனராக இருந்தால் ஹொக்கியெனில் நாலு வார்த்தை பேசத் தெரிந்திருப்பது பினாங்கில் பெரிய உதவி. கிரியான் ஆற்றை ஒட்டிய நிலமாக இருந்தால் வெள்ளத்தோடு ஆற்று ஒதுக்கீட்டையும் (ஆற்றுக்கென்று ஒதுக்கிய கரையோர நிலம்) பாருங்கள். ஒதுக்கீட்டுக்குள் விழும் பகுதியில் எதுவும் கட்ட முடியாது.

காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். வால்டோர் பக்கத்தில் பன்றிப் பண்ணைகள் உண்டு. 2022 ஜனவரியில் தீப்பிடித்த புலாவ் பூரோங் குப்பைக்கிடங்கும் நிபோங் தெபாலிலிருந்து தொலைவில் இல்லை. காலையில் வாசம் இல்லாத இடத்தில் மாலையில் இருக்கலாம், ஆகவே சந்தேகமுள்ள வீட்டுக்கு இன்னொரு நேரத்தில் ஒருமுறை போய் நின்றுவிட்டு வருவது வீண் அலைச்சல் ஆகாது.

செம்பனை நிலத்தில் மரத்தின் வயது கேளுங்கள். நட்ட மூன்றாம் ஆண்டுவாக்கில் குலை வெட்டத் தொடங்கும் மரம், ஏறத்தாழ 25 ஆண்டுகளில் மறுநடவுக்கு வந்துவிடும். உயரமான மரத்தில் குலை வெட்டும் செலவு கூடும். மழைக்காலத்தில் லாரி உள்ளே வரமுடியுமா என்பதும் வருமானக் கணக்கைச் சேர்ந்ததே.

ஒப்பீட்டு விற்பனைகளும் கணக்கும்

அலுவலகம் திரும்பியதும் வேலையின் மையத்துக்கு வருகிறோம். வீட்டுக்கும் நிலத்துக்கும் பெரும்பாலும் ஒப்பீட்டு முறைதான். விற்பனைத் தரவை நிதி அமைச்சின்கீழ் இயங்கும் மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறையிடமிருந்து வாங்கலாம். மக்கள் அதை ஜேபிபிஎச் என்பார்கள். இணையத்தில் தரகர்கள் போடும் விளம்பர விலை, கேட்கும் விலை மட்டுமே. அதைச் சந்தையின் மனநிலையை அறியப் பாருங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன், எண்கள் கற்பனையானவை. மதிப்பிட வேண்டியது 20-க்கு 70 அடி மனையில் உள்ள இரட்டை மாடி இடைவரிசை வீடு. சமையலறை ஒப்புதலோடு நீட்டப்பட்டது. அதே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) நான்கு விற்பனைகள் கிடைக்கின்றன. முதல் வீடு அதே அளவு, சமையலறை நீட்டப்படாதது, 360,000 ரிங்கிட். நீட்டிப்புக்கு 15,000 கூட்டினால் 375,000. இரண்டாவது வீடு கடைசி மனை, பக்கவாட்டில் 10 அடி கூடுதல் நிலம், 410,000 ரிங்கிட். அந்த 700 சதுர அடிக்கு 40 ரிங்கிட் வீதம் 28,000 கழித்தால் 382,000. மூன்றாவது வீடு 250,000 ரிங்கிட்டுக்குக் கைமாறியிருக்கிறது. வாங்கியவரும் விற்றவரும் அக்காள் தம்பி என்று தெரியவந்தால் அதைச் சந்தை விற்பனை என்று கொள்ள முடியாது. காரணத்தை எழுதித் தள்ளிவிடுங்கள். நான்காவது வீடு பெருஞ்சாலையை நோக்கியது, 350,000 ரிங்கிட். இரைச்சலுக்காக 25,000 கூட்டினால் 375,000.

இப்போது மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுக்கும் பழக்கம் பயிற்சியாளர்களிடம் அதிகம் தெரிகிறது. அது மதிப்பீடாகாது. முதல் வீட்டுக்குத்தான் மிகக் குறைந்த திருத்தம் தேவைப்பட்டது, நான்காவது அதையே உறுதிசெய்கிறது. கடைசி மனையின் கூடுதல் நிலத்துக்கு நாம் வைத்த விலையில்தான் ஐயம் அதிகம். ஆகவே 375,000 என்று முடிவு செய்து, ஏன் என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள். திருத்தத் தொகை ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேண்டும்: 15,000 என்பது நீட்டிப்புக்கு ஆன செலவு அல்ல, வாங்குபவர் அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது. 80,000 செலவழித்துச் சலவைக்கல் பதித்த அண்ணனுக்கு இதைக் கேட்க வருத்தமாக இருக்கும். இருந்தாலும் சந்தை அவர் செலவை முழுமையாகத் திருப்பித் தருவதில்லை.

விற்பனைகள் குறைவான ஊரில் தூரத்து விற்பனையை இழுத்துவரும் ஆசை வரும். பத்து காவானையும் பத்து மாவோங்கையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறந்ததும் பத்து காவானில் தொழிற்பேட்டையும் கடைத்தொகுதிகளும் வளர்ந்தன. அந்த விலையை அப்படியே நிபோங் தெபால் பழைய தாமானுக்குக் கொண்டுவருவது பெருந்தவறு. வாங்குபவர்கள் வேறு, வேலைக்குச் செல்லும் தொலைவு வேறு. தூரத்து விற்பனையைவிட அதே தாமானில் கொஞ்சம் பழைய விற்பனையை எடுத்து, இடைப்பட்ட காலத்தின் விலைப்போக்குக்குத் திருத்தம் செய்வதையே நான் விரும்புவேன்.

வாடகைக்கு விடப்பட்ட கடைவீட்டுக்கு வருமான முறையில் ஒரு சரிபார்ப்பு போதும். மாதம் 2,000 ரிங்கிட் வாடகையில் ஆண்டுக்கு 24,000. மதிப்பீட்டு வரி, நில வரி, பழுதுபார்ப்பு, காலியாகக் கிடக்கும் காலம் ஆகியவற்றுக்கு 4,000 கழித்தால் 20,000. விளைவு வீதம், அதாவது ஆண்டு நிகர வருமானம் விலையில் எத்தனை விழுக்காடு என்பது, 4 விழுக்காடு என்றால் மதிப்பு 500,000. 5 விழுக்காடு என்றால் 400,000. ஒரு விழுக்காட்டில் 1 லட்சம் மாறுவதால், அந்த வீதத்தை அதே தெருவில் விற்ற கடைகளின் வாடகையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

நெருக்கடி வரும்போது

ஒப்பந்தத்தில் உள்ள விலை சந்தையைவிட உயர்த்திப் போடப்பட்டிருப்பதை நீங்கள் கண்டுபிடிக்கும் நாள் வரும். உண்மையில் 300,000-க்குப் பேசி முடித்த வீட்டை 360,000 என்று எழுதி, கூடுதல் கடன் வாங்கி, மீதியைக் கையில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தரகர் தொலைபேசியில், "தம்பி, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க, அவங்க ஏழைக் குடும்பம்" என்பார். அந்தக் குடும்பம்தான் 35 ஆண்டு தவணையில் அந்த இல்லாத 60,000-ஐ வட்டியோடு கட்டும், கட்ட முடியாமல் போனால் வீடு ஏலத்துக்கு வரும், ஏலம் போகாத ஒவ்வொரு முறையும் குறைந்தபட்ச விலை பெரும்பாலும் 10 விழுக்காடு இறக்கப்படும். இதை அவர்களிடமே விளக்கிச் சொல்லும் மனம் மதிப்பீட்டாளருக்கு இருக்க வேண்டும். ஆய்வுக்கு முன்பாக, தொலைபேசியில், உத்தேசமாகக்கூட ஓர் எண்ணைச் சொல்லாதீர்கள். சொன்ன எண் உங்களுக்கு முன்பே வங்கியில் போய் உட்கார்ந்துவிடும்.

அறிக்கையும் அதற்குப் பிறகும்

அறிக்கையில் நோக்கம், மதிப்பீட்டுத் தேதி, ஆய்வு செய்த தேதி, பட்டா விவரம், திட்டமிடல் நிலை, கட்டட விவரம், ஒப்பீட்டு விற்பனைகள், திருத்தங்கள், முடிவு ஆகியவை மலேசிய மதிப்பீட்டுத் தரநிலைகளின்படி இடம்பெற வேண்டும். பழைய அறிக்கையைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி எழுதினால், பக்கத்துத் தாமானின் சுடுகாடும் பள்ளிக்கூடமும் இந்த வீட்டுக்கு அருகில் வந்து நிற்கும். பயிற்சியாளர் எழுதலாம், கையொப்பமிட முடியாது. ஆகவே கையொப்பமிடுபவர் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் கோப்பில் பதில் இருக்கட்டும். அளவுக் குறிப்புகள், படங்கள், தேடல் தாள், தள்ளிவிட்ட விற்பனைகள் உட்பட எதையும் எறியாதீர்கள்.

பெற்றோர் பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிக்கொடுக்கும்போது முத்திரை வரிக்கான மதிப்பை ஜேபிபிஎச் தீர்மானிக்கிறது. 2023 ஏப்ரல் முதல் இத்தகைய மாற்றத்தில் முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரை வரி விலக்கும், அதற்கு மேற்பட்ட மதிப்புக்குரிய வரியில் பாதி விலக்கும் மலேசியக் குடிமக்களுக்கு உண்டு. நம்மிடம் மதிப்பீடு கேட்டு வருபவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்பினால், தேவையில்லாத செலவு மிச்சமாகும்.

மதிப்பீட்டாளர் நேரத்தோடு போட்டி போட வேண்டிய வேலை, சாலைக்காகவோ வடிகாலுக்காகவோ அரசு நிலம் எடுக்கும்போது வருகிறது. 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி நில அதிகாரி விசாரணை நடத்தி இழப்பீட்டை அறிவிப்பார். அந்த விசாரணைக்கே உரிமையாளர் தனியார் மதிப்பீட்டு அறிக்கையோடு போவது நல்லது. நிலத்தின் நடுவே சாலை வெட்டிச் சென்று, மீதித் துண்டு பயன்படுத்த முடியாத வடிவில் நின்றுவிட்டால், எடுக்கப்பட்ட பரப்பின் விலையோடு அந்தப் பிரிவினால் நேர்ந்த நட்டத்தையும் அறிக்கையில் தனியாகக் கணக்கிடுங்கள்; பலர் இதைக் கேட்கவே தெரியாமல் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். தொகையில் திருப்தியில்லை என்றால் பணத்தை எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டு, விசாரணையில் கலந்துகொண்டவர் தீர்ப்பு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் 'என்' (N) படிவத்தைத் தாக்கல் செய்து வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரலாம். இழப்பீட்டை அறிவித்த கடிதத்தோடு ஒருவர் ஐந்தாவது வாரத்தில் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால், மேசையில் உள்ள மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு, அன்றைக்கே நில அலுவலகத்துக்குப் போய்த் தேடலை எடுத்துவிடுங்கள்.